கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே ஒரு போன்

யோசனை எனக்கு ஒரு டீ கிளாஸிலிருந்துதான் வந்தது.

ஜெகதாப்பட்டினத்தில் இறால் உரிக்கிற கொட்டகை ஒன்றின் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். விடிந்ததிலிருந்து ஐஸ் தண்ணீரில் கைவைத்து இறால் தலை கிள்ளிய பெண்கள் டீ இடைவேளைக்கு வெளியே வந்தார்கள். ஒருத்தியும் உடனே டீயைக் குடிக்கவில்லை. கிளாஸை முதலில் உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து உருட்டினார்கள். பிறகு செல்வி என்கிற பெண், தன் கிளாஸைப் பக்கத்தில் குந்தியிருந்தவளின் பிடரியில் வைத்து மெல்ல மேலும் கீழும் ஓட்டினாள்.

"இன்னுங் கொஞ்சம் எறக்குடி, அங்கதான் கெடந்து இழுக்குது" என்றாள் அவள், கண்ணை மூடிக்கொண்டு.

"எறக்குறேன். டீ ஆறிப்போச்சுன்னா ஒன் டீயத்தான் நான் எடுத்துக் குடிப்பேன்" என்றாள் செல்வி.

எனக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. இயன்முறை மருத்துவம் படித்து முடித்து, வலிக்காரர்களை இருக்கிற இடம் தேடிப் போய்ப் பார்க்கிற ஒரு சின்ன அறக்கட்டளையில் அப்போதுதான் சேர்ந்திருந்தேன். திருமயத்தில் பஸ் ஏறி, அறந்தாங்கியில் மாறி, கடற்கரைக்கு வருவேன். தோளில் தொங்கும் பையில் கருவியும் ரப்பர் பட்டைகளுமாக ஒரு சுமை. இவர்களுக்கு இந்தப் பை எதற்கு என்று அந்த நிமிடம் தோன்றியது. வெந்நீர், துண்டு, சாய ஒரு சுவர், இழுத்து விட மூச்சு. எல்லாம் இங்கேயே இருக்கிறது. சேர்த்துச் சொல்லிக்கொடுக்க ஓர் ஆள்தான் வேண்டும். அந்த ஆள் நான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களுக்காக இதை எழுதுகிறேன். இப்படி எழுதுகிறவர்கள் வழக்கமாக ஓய்வு பெற்றவர்களாக இருப்பார்கள். எனக்கு அந்த வயதும் இல்லை, அதுவரை பொறுத்திருக்கிற குணமும் இல்லை. எந்தத் தசையை எப்படி நீட்டுவது என்பதெல்லாம் நீங்கள் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறீர்கள். அதை விட்டுவிடுகிறேன். படிப்பில் வராத ஒன்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஆரம்பம் நன்றாகத்தான் இருந்தது. பயிற்சி சொல்லிக்கொடுத்ததால் என்னை "டீச்சர்" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். டீ இடைவேளையில் சுவரோரம் வரிசையாக உட்காருவோம். பிடரியில் வெந்நீர்த் துண்டு, தோளை மெல்ல ஏற்றி இறக்குவது, மூச்சை நிதானமாக விடுவது. வீட்டில் போய் அதையே செய்வார்கள். வெந்நீரில்தான் முதல் சிக்கல் வந்தது. ஐஸில் மரத்த கைக்குச் சூடு தெரியாது, தெரியாமலே வெந்துவிடும். முழங்கையால் தொட்டுப் பாருங்கள் என்று புத்தகத்தில் இருந்ததைச் சொன்னேன்.

"முழங்கையும் மரத்துத்தான டீச்சர் கெடக்கு. நாங்க என்ன விரல் நுனியவா ஐஸ்ல விடுறோம்?" என்றாள் செல்வி.

கடைசியில், வீட்டில் ஐஸ் தொடாத யாராவது ஒருவர் தண்ணீரில் கைவிட்டுப் பார்த்துச் சொன்ன பிறகுதான் துண்டை நனைக்க வேண்டும் என்று வைத்தோம். செல்வியின் மாமியார் அந்தப் பொறுப்பைச் சந்தோஷமாக எடுத்துக்கொண்டார். "மருமகளுக்குச் சூடு வைக்கிறதுக்கு எனக்குச் சொல்லித் தரணுமாக்கும்" என்றாராம்.

இப்படிச் சிரிப்பும் விளையாட்டுமாகப் போனது. ஒருவரைத் தவிர.

அவர் பெயர் ஜெய்னம்பு. அக்கா என்பதற்கு அந்தப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் லாத்தா என்பார்கள். கொட்டகையில் எல்லாருக்கும் அவர் ஜெய்னம்பு லாத்தா. அவருடைய கணவர் காசிம் விசைப்படகில் போனவர். எல்லை தாண்டிவிட்டதாகச் சொல்லிப் படகோடு பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். மாதக்கணக்கில் அக்கரையில் சிறையில் இருந்தார். சிறைக்குள்ளிருந்து எப்போதாவது ஒரு போன் வரும். யாருடைய எண்ணிலிருந்தோ வரும். எடுத்தால் பேசலாம். விட்டால் விட்டதுதான், திருப்பி அடித்தால் எடுக்க ஆளிருக்காது.

அதனால் ஜெய்னம்பு லாத்தா போனைக் கீழே வைக்க மாட்டார். இரண்டு கையும் ஐஸுக்குள் இருக்கும். போனை வலது காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கி, முக்காட்டை அதற்கு மேல் இறுக்கிச் செருகியிருப்பார். பேசிக்கொண்டிருக்க மாட்டார். அடித்தால் கேட்க வேண்டுமே, அதற்காக. கொட்டகைக்குள் ஐஸ் உடைக்கிற எந்திரம் போடுகிற சத்தத்தில் காதில் ஒட்டியிருந்தால்தான் போன் அதிர்வது தெரியும். கழுத்து வலப்பக்கமாகவே சாய்ந்து நின்றுவிட்டது. போன் இல்லாதபோதும் அப்படித்தான் இருப்பார். வலது கையைத் தூக்கிக் கொடியில் துணி போட முடியவில்லை. ஆனால் கொட்டகையில் அவர் வேகத்துக்கு யாரும் கிடையாது.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் அவருடைய கழுத்தைத்தான் பார்த்தேன்.

பயிற்சி நேரத்தில் போன்கள் கத்திக்கொண்டே இருந்தன. பிள்ளை கூப்பிடும், மேஸ்திரி கூப்பிடுவார், எதுவும் இல்லாவிட்டால் வாட்ஸப் டிங் என்னும். ஒவ்வொரு சத்தத்துக்கும் இறங்கின தோள் திரும்ப ஏறும். "இந்தக் கொஞ்ச நேரம் ஒங்களுக்கே ஒங்களுக்குன்னு வச்சுக்கங்க. போன் கையில வேணாம்" என்றேன். நீங்களும் இதைச் சொல்வீர்கள். எல்லா வீடியோவிலும் இதைத்தான் சொல்கிறார்கள்.

நான் நினைத்ததைவிட அவர்களுக்கு அது பிடித்துப்போனது. மறுநாளே செல்வி மீன் அடைக்கிற தெர்மாகோல் பெட்டி ஒன்றைக் கழுவிக்கொண்டு வந்து நடுவில் வைத்தாள். எல்லாப் போனும் அதற்குள் போனது. மேலே மூடி. "மீனுதான் தெனமும் இதுல தூங்குது. இன்னிக்கிப் போனு தூங்கட்டும்" என்றாள். உண்மையிலேயே அது நல்ல ஏற்பாடு. மூடியைப் போட்டால் ஒரு சத்தம் வெளியே வராது.

ஜெய்னம்பு லாத்தா மட்டும் பெட்டியில் வைக்க மாட்டார். ஒதுங்கி உட்கார்ந்து, போனும் தோளுமாக மற்றவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் அவருக்கு வலி மிகவும் முற்றிப்போயிருந்தது. டீ கிளாஸை வாய்க்குக் கொண்டுபோக முடியாமல், குனிந்து உறிஞ்சினார். பெண்கள் பிடித்துக்கொண்டார்கள்.

"இன்னைக்கி ஒரு நாளு வைங்க லாத்தா. மச்சான் எப்பவும் வெள்ளிக்கெழமதான கூப்புடுவாரு? இன்னிக்கி வராதுல்ல."

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன்.

போனைத் தானே துடைத்து, பெட்டியில் ஓரமாக வைத்தார். நான் துண்டைப் பிழிந்து அவருடைய பிடரியில் போட்டேன். கொஞ்ச நேரத்தில் அந்த வலது தோள், நான் பார்க்க ஆரம்பித்ததிலிருந்து ஒருநாளும் இறங்காத தோள், மெல்லக் கீழே வந்தது. கழுத்து நேராகிச் சுவரில் சாய்ந்தது. வாய் லேசாகத் திறந்தது. தூங்கிவிட்டார். செல்வி வாயில் விரலை வைத்து மற்றவர்களை அடக்கினாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

டீ இடைவேளை முடிந்து மூடியைத் திறந்தபோது அவருடைய போன் வெளிச்சமாக இருந்தது. முன்பின் தெரியாத எண். இரண்டு முறை அடித்து நின்றிருந்தது.

அவர் அழவில்லை. அந்த எண்ணைத் திருப்பி அடித்தார். புரியாத மொழியில் ஒரு பெண்குரல் ஏதோ சொன்னது. மறுபடி அடித்தார். அதே குரல். மூன்றாவது தடவையும் அதை முழுக்க நின்று கேட்டார், இந்தத் தடவை புரிந்துவிடும் என்பதுபோல.

"மறுபடி வரும் லாத்தா" என்றாள் செல்வி.

"வரும். வரும்னுதான எல்லாருஞ் சொல்றீங்க."

அவருடைய மூச்சு மேலே மேலே போய்க்கொண்டிருந்தது. படித்த வாய், தானாகத் திறந்தது. "லாத்தா, மொதல்ல மூச்சை நல்லா இழுத்து..." செல்வி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் இங்கே எழுத முடியாது. வாயை மூடிக்கொண்டேன். ஒரு மனுஷிக்கு எது போனதோ அதைப் பற்றிப் பேச நம்மிடம் ஒன்றும் இல்லாதபோது, அவளுடைய மூச்சைப் பற்றிப் பேசாதீர்கள். சும்மா நில்லுங்கள். நிற்பது கஷ்டம். ஆனாலும் நில்லுங்கள்.

அவர் போனைத் திரும்பவும் தோளில் இடுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். மேஸ்திரி வாசலில் நின்று, "வேல நேரத்துல தூங்கச் சொல்லிக் குடுக்குற மொத டீச்சர் நீங்கதாங்க" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு சுவரோரம் யாரும் உட்காரவில்லை. தெர்மாகோல் பெட்டியில் திரும்பவும் மீன் அடைத்தார்கள். நான் வந்தால் "வாங்க டீச்சர்" என்பார்கள்; அத்தோடு சரி. வெள்ளிக்கிழமை வந்தது, போன் வரவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் அப்படியே. அதே சிறையில் இருக்கிற இன்னொரு பையனின் வீட்டுக்குப் போன் வந்தபோதுதான் சேதி தெரிந்தது. காசிம் நன்றாக இருக்கிறார். கோர்ட்டுக்குக் கொண்டுபோன இடத்தில் யாரோ இரக்கப்பட்டுப் போனைக் கொடுத்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை இல்லாத நாளில் வந்த அந்த அழைப்பு அதுதான். வாய்தா தள்ளிப்போய்விட்டது. "ஏன் எடுக்கல, எம்மேல கோவமா இருக்காளான்னு கேட்டாராம்" என்று அந்த வீட்டுக்காரர்கள் ஜெய்னம்பு லாத்தாவிடம் சொல்லியிருக்கிறார்கள்.

நான் அவருடைய வீட்டுக்குப் போனேன். போகாமல் இருக்கத்தான் ஆசை. வேறு ஊர்களுக்கு மாற்றல் கேட்கலாமா என்றுகூட பஸ்ஸில் யோசித்துக்கொண்டு வந்தேன்.

தகரக் கூரைக்குக் கீழே உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். முறத்தை இடது கையால்தான் ஆட்டினார். போன் அதே இடத்தில். "உக்காருங்க டீச்சர்" என்றார். கோபம் இல்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

"வலி எப்பிடி இருக்கு லாத்தா?"

"இருக்கு. இருக்கட்டும்."

முறத்தை இன்னொரு தடவை தட்டிவிட்டு அவரே சொன்னார். "அன்னிக்கி நல்லாத்தான் இருந்துச்சு. ஒங்களக் குத்தஞ் சொல்லல. அவரு போனதுலேருந்து மொதத் தடவையா வலியே இல்ல. அந்த நேரம் பாத்து அவரு கூப்புட்டிருக்காரு. வலிச்சுக்கிட்டு இருந்தாத்தான் டீச்சர் நான் முழிச்சிருப்பேன். லேசா இருங்கங்கிறீங்க. அவரு அங்க தரையில கெடக்கையில நான் இங்க லேசாயிட்டா, மறந்துட்டேன்னுதான அர்த்தம்?"

மன அழுத்தம் தசையை எப்படி இறுக்குகிறது, இறுகின தசை மனதை எப்படி இன்னும் அழுத்துகிறது என்று வகுப்பில் அழகாக ஒரு வட்டம் போட்டுக் காட்டுவார்கள். அந்த வட்டத்தில் காசிமுக்கு இடமில்லை. முறத்தை வாங்கி நான் புடைத்தேன். எனக்குப் புடைக்கத் தெரியாது. உமியோடு அரிசியும் பறந்தது. "ஐயோ, கோழிக்குப் போடுறாப்புல போடுறீங்க, குடுங்க இங்கிட்டு" என்று அவர் பிடுங்கிக்கொண்டார். அப்போதுதான் பார்த்தேன். வாங்கின முறம் அவருடைய வலது விரல்களிலிருந்து வழுக்கியது.

"விரல் மரத்துப் போகுதா?"

"ஐஸ்ல வேல செய்யிறவளுக்கு மரக்காம?"

"இன்னிக்கி ஐஸ்ல கை வச்சீங்களா?"

அவர் யோசித்தார். அன்றைக்குப் படகுகள் போகவில்லை. கொட்டகை லீவு. முந்தின நாளும் லீவு.

இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஊரில் மரத்துப்போவது ஒரு நோய் இல்லை, அது வேலை. ஆகையால் எல்லா மரத்தலையும் ஐஸின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். எழுதுகிற நாமும் நம்பிவிடுகிறோம். கட்டை விரலும் சுட்டு விரலும் லீவு நாளிலும் மரத்து, பிடியும் தளர்ந்தால், அது வெந்நீர்த் துண்டில் தீரும் விஷயம் இல்லை. வீட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லித்தரத்தான் நாம் போகிறோம். வீட்டில் பார்க்கக் கூடாதது எது என்று சொல்லவும் நாம்தான் இருக்கிறோம். அன்றைக்கு நான் மெல்லப் பேசவில்லை. "ஆஸ்பத்திரிக்கு இன்னிக்கே போகணும்" என்றேன்.

"அவரு வந்த பெறகு போறேன்."

"அவரு வர்றப்ப இந்தக் கை வேலைக்கு ஆகாமப் போயிருக்கும். அப்ப அவருக்கு யாரு சோறு போடுவா?"

சொல்லக்கூடாத வார்த்தைதான். சொன்னேன். அவர் முகம் சுண்டிப்போனது. ஆனால் எழுந்தார்.

பஸ்ஸில் செல்வியும் வந்தாள். அரசு மருத்துவமனையில் கழுத்தைப் படம் எடுக்க உள்ளே கூப்பிட்டபோது, ஜெய்னம்பு லாத்தா போனோடு வாசலிலேயே நின்றுவிட்டார். படம் எடுக்கிற அறைக்குள் போனைக் கொண்டுபோக விடவில்லை. வரிசையில் பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். செல்வி கையை நீட்டினாள்.

"குடுங்க. எங் காது சும்மாதான கெடக்கு."

"நீ பேசிக்கிட்டே இருப்ப. மணி அடிச்சாக் கேக்காது."

"பேசல. நீங்க வர்ற வரைக்கும் வாயத் தொறக்கல, போதுமா?"

செல்வி வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். இரண்டு கையாலும் போனை ஏந்திக்கொண்டு, கண் கொட்டாமல் பார்த்தபடி இருந்தாள். பக்கத்தில் ஒரு பெரியவர் மணி கேட்டதற்குக்கூட விரலால் சுவர்க் கடிகாரத்தைக் காட்டினாள். போன் வரவில்லை. ஆனால் உள்ளே போனவர் முழுதாக முடித்துக்கொண்டு வெளியே வந்தார்.

கழுத்தில் நரம்பு நசுங்குகிறது என்றார் டாக்டர். சாய்த்துப் பிடிப்பதை நிறுத்தினால் சரியாக வாய்ப்பு இருக்கிறது, நிறுத்தாவிட்டால் கையின் பலம் போய்க்கொண்டே இருக்கும் என்றார். மாத்திரை எழுதினார். நிறுத்துவது எப்படி என்று எழுதவில்லை. அது நம் வேலை.

நான் போட்ட திட்டங்கள் ஒவ்வொன்றாகத் தோற்றன. சத்தத்தைக் கூட்டி ஆணியில் மாட்டினோம். ஐஸ் எந்திரத்தின் இரைச்சல் அதை விழுங்கிவிட்டது. காதில் மாட்டுகிற கருவி வாங்கிப் போனேன். தண்ணீர் பட்டு ஊமையாகிவிட்டது. கடைசியில் பெண்கள் அவர்களாகவே ஒரு முறை வைத்தார்கள். வாசலோரத்தில், எந்திரத்துக்கு எட்டாத இடத்தில், மூடின பெட்டிகளுக்கு டேப் வைத்து ஒட்டுப் போடுகிற ஒருத்தி எப்போதும் இருப்பாள். அன்றைக்கு ஒட்டுப் போடுகிறவள் யாரோ அவளே லாத்தாவின் காது. போன் அவள் மடியில். முதல் நாள் செல்வி.

ஜெய்னம்பு லாத்தா நம்பவில்லை. உள்ளே இருந்துகொண்டு, பக்கத்தில் இருந்தவளின் போனை வாங்கித் தன் எண்ணுக்கே அடித்தார். முதல் மணி முடிவதற்குள் செல்வி எடுத்துவிட்டாள்.

"யாரு... லாத்தாவா? சோதிக்கிறீங்களாக்கும்! இருங்க, மச்சான் வந்ததும் ஒன்னு விடாமச் சொல்லிக் குடுக்குறேன்."

கொட்டகையில் வெகு நாளுக்குப் பிறகு சிரிப்புச் சத்தம் கேட்டது. அவரும் சிரித்தார் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. இல்லை. ஆனால் போனைத் திரும்பக் கேட்கவில்லை. இப்போது தினமும் கொஞ்ச நேரம் கழுத்து தனியாக இருக்கிறது. போன் இல்லாதபோதும் அது இன்னும் சாய்ந்துதான் நிற்கிறது. பிடி கொஞ்சம் தேறியிருக்கிறதா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. காசிம் வரவில்லை. எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியாது. அவரிடமிருந்து போனும் இல்லை.

பிடரியில் துண்டு போட மட்டும், அந்த அழைப்பு தவறிய நாளுக்குப் பிறகு அவர் விடவில்லை. நேற்று வாசலில் வழிமறித்துக் கேட்டேன். பிறகு நிபந்தனைகள் போட்டார். தூங்க மாட்டார். கண்ணை மூட மாட்டார். சுவரில் சாய மாட்டார், செல்வியைப் பார்த்துத்தான் உட்காருவார். துண்டு ஆறும் வரைதான், மறு துண்டு கிடையாது. எல்லாவற்றுக்கும் சரி என்றேன்.

நாளை டீ இடைவேளைக்குத் துண்டு நான் கொண்டுபோகிறேன். தண்ணீரில் கைவிட்டுப் பார்க்கச் செல்வியின் மாமியாரே வருவதாகச் சொல்லியிருக்கிறார். நீங்களும் வந்தால் சுவரோரம் உட்காருங்கள். பெட்டி எதையும் மூடாதீர்கள், யாருக்கும் மூச்சைப் பற்றிச் சொல்லாதீர்கள். போன் செல்வியின் கையில் இருக்கும். அடித்தால், லாத்தா எழுந்து ஓடி வரக்கூடாது, நீ ஓடிப் போய் அவர் காதில் வை என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். இடது காதில்.